ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர்கள்

லினக்ஸ் இயந்திரம் ஒன்றில் ஒரு டேப் டிரைவை மாட்டிவிட்டு, சாதனங்களின் பெயர்கள் இருக்கும் டெவ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். எஸ்டி0 என்று ஒரு பெயர் தெரியும். கூடவே என்எஸ்டி0 என்று இன்னொன்றும் இருக்கும். மாட்டியது ஒரே டிரைவ்தான், உள்ளே இருப்பதும் ஒரே கார்ட்ரிட்ஜ்தான். எஸ்டி0 என்ற பெயரில் திறந்தால், வேலை முடிந்து நிரல் அதை மூடிய உடனே, இயங்குதளத்தின் மையமான கெர்னல் டேப்பை ஆரம்பத்துக்கு ரீவைண்ட் செய்துவிடும். என்எஸ்டி0 என்ற பெயரில் திறந்தால், டேப் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தில் காணாமல் போன பேக்கப்புகள் ஏராளம். திங்கட்கிழமை பேக்கப் எஸ்டி0-வில் எழுதப்படுகிறது, டேப் ஆரம்பத்துக்குப் போகிறது. செவ்வாய்க்கிழமை பேக்கப் அதே ஆரம்பத்திலிருந்து, திங்கட்கிழமை எழுதியதன் மேலேயே விழுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. இரண்டு நாளும் கட்டளை வெற்றிகரமாக முடிந்தது என்றுதான் பதிவேட்டில் இருக்கும். ஒரு வாரத்துப் பேக்கப் என்று லேபிள் ஒட்டிய டேப்பில் கடைசி நாள் மட்டும் மிச்சமிருக்கும், அதுவும் யாராவது ரீஸ்டோர் கேட்கும் நாளில்தான் தெரியவரும்.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். ஓர் இயங்குதளம் டேப்போடு எப்படிப் பேசுகிறது, ஏன் ஹார்ட் டிஸ்க்கோடு பேசுவது போலப் பேசுவதில்லை என்பது பற்றி. பேக்கப் மென்பொருளின் திரையை மட்டும் பார்த்து வேலை பழகும் இளைஞர்கள் பலரோடு வேலை செய்கிறேன். திரைக்குப் பின்னால் கெர்னல் என்ன செய்கிறது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.

இந்தக் காலத்திலும் டேப்பா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழை காரணமாகச் சிலரின் அஞ்சல் பெட்டிகள் காலியாகின. பயனாளர்களில் 0.02 சதவீதம் பேர். பல டேட்டா சென்டர்களில் பல பிரதிகள் வைத்திருந்தும் பிழை எல்லாப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. கடைசியில் டேப்பிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார்கள். கம்பியில் இணையாமல் அலமாரியில் இருக்கும் பிரதியை எந்த மென்பொருள் பிழையும் தொட முடியாது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் தன் துகள் மோதல் தரவுகளை இன்றும் டேப்பில்தான் நெடுங்காலத்துக்கு வைக்கிறது. இன்று பரவலாக உள்ள எல்டிஓ டேப் வகையில், 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜ் ஒன்று, சுருக்காத கணக்கில் 18 டெராபைட் கொள்ளும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டிஸ்க்குக்கும் டேப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே இடத்தில் பார்க்கவேண்டுமென்றால் ஸ்கஸி என்ற சாதன மொழியில் கெர்னல் அனுப்பும் கட்டளையைப் பார்த்தால் போதும். டிஸ்க்குக்கு அனுப்பும் ரீட் கட்டளையில் ஒரு முகவரி இருக்கும்: இத்தனையாவது பிளாக்கிலிருந்து இத்தனை பிளாக் கொடு. டேப்புக்கு அனுப்பும் ரீட் கட்டளை மொத்தம் 6 பைட். அதில் எவ்வளவு வேண்டும் என்று சொல்ல 3 பைட் உண்டு. எங்கிருந்து என்று சொல்ல இடமே கிடையாது. தலைப்பகுதி இப்போது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து, அவ்வளவுதான். எழுதும் கட்டளைக்கும் இதே கதை.

இதன் விளைவு பெரியது. டிஸ்க்கில் ஒரு கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் சம்பந்தம் வேண்டியதில்லை. டேப்பில் ஒவ்வொரு கட்டளையும் அதற்கு முந்தைய கட்டளை விட்டுப்போன இடத்தை நம்பி நிற்கிறது. அந்த இடம் டிரைவுக்குள் இருக்கிறது. கெர்னலும் தன் பங்குக்கு, எத்தனையாவது கோப்பு, அதில் எத்தனையாவது பிளாக் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. எம்டி என்ற கட்டளையில் ஸ்டேட்டஸ் கேட்டால் அந்தக் கணக்கைத்தான் காட்டும். டேப்பில் என்ன இருக்கிறது என்பது கெர்னலுக்குத் தெரியாது, இங்கே நிற்கிறோம் என்பது மட்டும்தான் தெரியும். எஸ்டி0, என்எஸ்டி0 என்ற இரண்டு பெயர்கள், அந்த 'இங்கே'-யை எங்கே விட்டுப்போவது என்ற முடிவுதான்.

அதே காரணத்தால் ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே டேப்பைத் திறக்க முடியும். இரண்டாவது நிரல் கேட்டால் சாதனம் உபயோகத்தில் இருக்கிறது என்று கெர்னல் திருப்பி அனுப்பிவிடும். இருவர் ஒரே நேரத்தில் நகர்த்தினால் யாருக்கும் தன் இடம் தெரியாமல் போய்விடுமே.

டேப்பின் மேல் என்னதான் எழுதப்படுகிறது? மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது பிளாக். நிரல் ஒருமுறை எழுது என்று கொடுப்பது, ஒரு பிளாக். இரண்டாவது ஃபைல்மார்க். இது தரவே இல்லை, டிரைவ் மட்டும் அடையாளம் காணும் ஒரு குறி, ஒரு கோப்பு முடிந்தது என்பதற்கு. மூன்றாவது, எழுதப்பட்ட தரவு இதோடு முடிந்தது என்ற முடிவுக் குறி. இன்றைய டிரைவ்கள் இதைத் தாங்களே போட்டுக்கொள்ளும். கோப்பின் பெயர் கிடையாது, கோப்புறை கிடையாது, அட்டவணை கிடையாது.

பிளாக் என்ற அமைப்பு ஏன் வந்தது என்பதற்குப் பழைய ரீல் காலத்துக்குப் போகவேண்டும். 1952-இல் ஐபிஎம் 726 வந்தபோது டேப் விநாடிக்கு 75 அங்குலம் ஓடியது, அங்குலத்துக்கு 100 எழுத்து. கணினி ஒரு பிளாக்கைப் படித்துவிட்டு யோசிக்கும், அதுவரை டேப் நிற்கவேண்டும், பிறகு சட்டென்று ஓடவேண்டும். கனமான ரீலை அப்படி நிறுத்தி ஓட்ட முடியாது. அதனால் டிரைவின் முகப்பில் காற்றை உறிஞ்சும் குழல் இரண்டு வைத்து, அதில் டேப்பைத் தொங்கவிட்டு, ரீல் மெதுவாகத் தொடர்ந்து வரும்படி செய்தார்கள். பழைய படங்களில் கணினி அறை என்றதும் விட்டு விட்டுச் சுழலும் ரீல்களைக் காட்டுவார்களே, அந்த அசைவின் காரணம் இதுதான். அப்படியும் டேப் வேகம் பிடிக்கவும் நிற்கவும் கொஞ்சம் இடம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுவில் வெற்று இடைவெளி.

அந்த இடைவெளி எவ்வளவு இடத்தைத் தின்னும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அசந்துபோவீர்கள். 1964-இல் ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினியுடன் வந்த ஒன்பது தட டேப்பை எடுத்துக்கொள்வோம். பின்னாளில் பரவலான அடர்த்தி அங்குலத்துக்கு 1600 பைட், இடைவெளி 0.6 அங்குலம், ரீல் நீளம் 2400 அடி. இடைவெளியே இல்லாமல் எழுதினால் 4.6 கோடி பைட் கொள்ளும். துளையட்டை அளவில் 80 பைட் பிளாக்குகளாக எழுதினால்? ஒரு பிளாக்குக்கு 0.05 அங்குலம் தரவு, 0.6 அங்குலம் வெற்றிடம். மொத்த ரீலில் 35 லட்சம் பைட்தான் ஏறும். அதே ரீலில் 10,240 பைட் பிளாக்குகளாக எழுதினால் 4.2 கோடி பைட் ஏறிவிடும்.

யுனிக்ஸின் டார் கட்டளை 1979-இல் ஏழாம் பதிப்போடு வந்தது. அதன் இயல்பான பிளாக் அளவு இன்று 512 பைட்டின் 20 மடங்கு, அதாவது அதே 10,240. நம் மடிக்கணினியில் டார் கோப்பு உருவாக்கும்போது கடைசியில் பூஜ்யங்கள் நிரம்பிக் கோப்பு கொஞ்சம் பெரிதாக வருவதற்குக் காரணம் இதுதான். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ரீலின் இடைவெளிக் கணக்கு இன்னும் நம் கைப்பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

இப்போது லினக்ஸ் கெர்னலுக்குள் வருவோம். அங்கே டேப்புக்கான டிரைவர் எஸ்டி. அதை 1992-லிருந்து எழுதிப் பராமரித்தவர் காய் மாகிசாரா. நிரல் வரிகளைவிட அதோடு வரும் ஆவணத்தைப் படியுங்கள். அவ்வளவு நேர்மையான ஆவணங்கள் கெர்னலில் குறைவு. எந்தச் சூழலில் என்ன திரும்பி வரும் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருப்பார்.

மாறும் அளவு பிளாக் முறையில், அதாவது ஒவ்வொரு பிளாக்கும் எழுதப்பட்ட அளவிலேயே இருக்கும் முறையில், நிரல் ஒருமுறை படி என்று கேட்டால் ஒரு பிளாக் வரும். ஒன்றே ஒன்றுதான். நிரல் ஒரு மெகாபைட் இடம் வைத்துக்கொண்டு கேட்டாலும் டேப்பில் இருப்பது 64 கிலோபைட் பிளாக் என்றால் 64 கிலோபைட்தான் கிடைக்கும். டிரைவ், நீ கேட்ட நீளம் தவறு, இவ்வளவு குறைகிறது என்று சொல்லும். எஸ்டி டிரைவர் அதைக் கழித்து, உண்மையான அளவைப் பயனாளரின் நிரலுக்குக் கொடுக்கும். தலைகீழாக, நிரலின் இடம் சிறியது, டேப்பில் பிளாக் பெரியது என்றால்? மீதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. பிழைதான் வரும். அந்தப் பிழையின் வாசகம், நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்பது. இதைப் பார்த்துவிட்டு சர்வரில் ரேம் போதவில்லை என்று ரேம் வாங்கக் கிளம்பியவர்களை நான் அறிவேன். ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டேப்பில் உள்ள பிளாக்கைவிட உங்கள் பஃபர் சிறியது, அவ்வளவே. அதற்குள் டேப் அந்தப் பிளாக்கைக் கடந்தும் போயிருக்கும்.

ஃபைல்மார்க் வந்தால் படித்த அளவு பூஜ்யம் என்று திரும்பும். சாதாரணக் கோப்பின் முடிவில் வருவது போலவே. ஆனால் சாதாரணக் கோப்பில் முடிவுக்குப் பிறகு மறுபடி கேட்டாலும் பூஜ்யம்தான் வரும். டேப்பில் மறுபடி கேட்டால் அடுத்த கோப்பின் முதல் பிளாக் வரும். தரவே முடிந்துவிட்டால்தான் மறுபடியும் பூஜ்யம். பழைய ரீல்களில் முடிவுக் குறி என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் தொடர்ச்சியாக இரண்டு ஃபைல்மார்க் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். அந்த மரபை விரும்புபவர்களுக்காக எஸ்டி டிரைவரில் இரண்டு ஃபைல்மார்க் எழுதும் விருப்பம் இன்றும் இருக்கிறது.

எழுதும்போது ஃபைல்மார்க்கை நிரல் போடவேண்டியதில்லை. எழுதிவிட்டு நிரல் சாதனத்தை மூடும்போது கெர்னலே ஒன்று போட்டுவிடும். படித்துவிட்டு மூடும்போதுதான் ஒரு நுணுக்கம். லினக்ஸின் இயல்பான நடத்தை, யுனிக்ஸின் ஒரு கிளையான பிஎஸ்டியின் வழி: நின்ற இடத்தில் நிற்கும். டார் ஒரு தொகுப்பைப் படித்துமுடித்து, ஃபைல்மார்க்கைத் தாண்டாமலே நிறுத்தியிருக்கலாம். அப்போது அடுத்த டார் கட்டளை கொடுத்தால், எதிரே ஃபைல்மார்க், பூஜ்யம், ஒன்றுமில்லை என்று முடிந்துவிடும். இரண்டாவது தொகுப்பு காணோம் என்று பதறவேண்டாம். எம்டி கட்டளையில் எஃப்எஸ்எஃப் 1 கொடுத்து ஒரு ஃபைல்மார்க் முன்னால் தாண்டினால் போதும். இன்னொரு யுனிக்ஸ் கிளையான சிஸ்டம் ஃபைவின் வழியைத் தேர்ந்தெடுத்தால் கெர்னல் தானே தாண்டி நிற்கும். பின்னால் போகும் பிஎஸ்எஃப் கட்டளையில் இன்னும் கவனம் தேவை. ஃபைல்மார்க்கைப் பின்னோக்கிக் கடந்தால், முந்தைய கோப்பின் கடைசியில் நிற்பீர்கள், ஆரம்பத்தில் அல்ல. நான் என் குழுவில் சொல்வது, ஏஎஸ்எஃப் பயன்படுத்துங்கள் என்று. ரீவைண்ட் செய்துவிட்டு, சொன்ன எண்ணிக்கையிலான ஃபைல்மார்க்குகளைத் தாண்டும். நேரம் கொஞ்சம் கூடலாம், இடம் தப்பாது.

இதெல்லாம் கைகொடுத்த ஒரு சம்பவம். வேறொரு பிரிவிலிருந்து ஒரு பழைய எல்டிஓ டேப் வந்தது. லேபிளில் வருஷம் மட்டும் இருந்தது. என்ன மென்பொருள், என்ன பிளாக் அளவு, எத்தனை கோப்பு, எதுவும் தெரியாது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். பக்கத்தில் நின்ற இளைஞர், "சார், டார் போட்டா மெமரி இல்லங்குது, டேப் போச்சு போல" என்றார். "அது நல்ல செய்திப்பா, டேப் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றேன். பிளாக்கைப் படிக்க முடிந்ததால்தானே பெரியது என்று தெரிந்தது. முதலில், பாதுகாப்பாக, கார்ட்ரிட்ஜின் மூலையில் இருக்கும் எழுத்துத் தடைச் சுவிட்சைத் தள்ளினோம். பிளாக் அளவைப் பூஜ்யத்துக்கு, அதாவது மாறும் அளவு முறைக்கு மாற்றினோம். பிறகு டிடி கட்டளையில் ஒரு மெகாபைட் பஃபர் கொடுத்து, ஒரே ஒரு பிளாக் மட்டும் படிக்கச் சொன்னோம். 2,62,144 பைட் வந்தது. 512-இன் 512 மடங்கு. அதை ஃபைல் கட்டளையிடம் காட்டினால், டார் என்றது. அந்த அளவை டாருக்குச் சொன்னதும் பட்டியல் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த இளைஞர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க இந்த வேலையில் இன்னும் நூறு வருஷம் இருக்கலாம்.

சுவிட்சைத் தள்ளியது சடங்கு அல்ல. டேப்பின் நடுவில் ஒரு பிளாக்கை எழுதினால் அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் போய்விட்டதாகத்தான் அர்த்தம். டிஸ்க்கைப் போல நடுவில் ஒரு துண்டை மாற்றி எழுத முடியாது. எழுதி முடித்த இடத்தில் டிரைவ் புதிய முடிவுக் குறியைப் போட்டுவிடும், அதற்கு அப்பால் போக மறுக்கும். பின்னால் உள்ள டெராபைட்டுகள் காந்தத் துகள்களில் அப்படியே இருக்கலாம், ஆனால் சாதாரண டிரைவ் வழியாக அவற்றை எட்ட முடியாது.

இந்த இடத்தில் மெயின்ஃப்ரேம்காரர்களைப் பாராட்டவேண்டும். ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் டேப்பின் தொடக்கத்திலேயே 80 பைட் லேபிள்கள் உண்டு. முதலாவதில் டேப்பின் 6 எழுத்து வரிசை எண். அடுத்ததில் தரவுத் தொகுதியின் பெயர், காலாவதித் தேதி. வேலை தொடங்குமுன் இயங்குதளம் அதைப் படிக்கும். கேட்ட டேப் இதுவல்ல என்றால் ஆபரேட்டரிடம் சொல்லும். காலாவதி ஆகவில்லை என்றால் மேலெழுத விடாமல் கேள்வி கேட்கும். யுனிக்ஸ் பரம்பரை இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளவே இல்லை. எழுது என்றால் எழுதும். பெயர், தேதி, உரிமை எல்லாம் பேக்கப் மென்பொருளின் பாடு, அல்லது உங்கள் நோட்டுப் புத்தகத்தின் பாடு. எளிமையை நான் மதிக்கிறேன், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் மெயின்ஃப்ரேம் செய்ததே சரி என்பது என் முடிவு.

எழுதியாயிற்று என்று கெர்னல் சொன்னால் எழுதியாயிற்றா? இங்கேதான் பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் கோட்டை விடுகின்றன. டிரைவுக்குள் பெரிய பஃபர் நினைவகம் இருக்கிறது. தரவு அங்கே வந்து சேர்ந்த உடனே டிரைவ் சரி என்று சொல்லிவிடும், டேப்பில் பிறகு எழுதும். எழுதும் தலைக்குப் பின்னால் படிக்கும் தலை இருக்கிறது, எழுதியதை அப்போதே படித்துச் சரிபார்த்து, பிழை இருந்தால் சற்றுத் தள்ளி மறுபடி எழுதும். இதெல்லாம் டிரைவே பார்த்துக்கொள்ளும். அதையும் மீறிக் கோளாறு வந்தால், அந்தச் செய்தி வேறொரு கட்டளைக்குப் பதிலாக, தாமதமாகத்தான் வரும். இது முந்தைய வேலையின் பிழை என்ற குறிப்போடு. ஃபைல்மார்க் எழுதும் கட்டளைதான் பஃபரில் இருப்பதையெல்லாம் டேப்புக்குத் தள்ளவைக்கும். பூஜ்யம் ஃபைல்மார்க் எழுது என்று விசித்திரமாக ஒரு கட்டளை கொடுக்கலாம், அதற்கு அர்த்தமே, குறி எதுவும் வேண்டாம், பஃபரைக் காலி செய் என்பதுதான். ஆகவே கடைசிப் பிழை, சாதனத்தை மூடும் நேரத்தில்தான் வெளிப்படும். உங்கள் நிரல் அந்த மூடும் அழைப்பின் விடையைப் பார்க்காவிட்டால் பேக்கப்பின் கடைசிப் பகுதி டேப்பில் இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது.

டேப்பின் இறுதி வரும்போது என்ன நடக்கும்? முழுவதும் தீர்ந்த பிறகு சொன்னால் பயனில்லை என்பதால் டிரைவ் கொஞ்சம் முன்னாலேயே எச்சரிக்கும். லினக்ஸ் அதை, இடமில்லை என்ற பிழையாக நிரலுக்குச் சொல்லும். ஆனால் உண்மையில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதனால் அடுத்த எழுத்தை அனுமதிக்கும், அதற்கு அடுத்ததற்கு மறுபடி இடமில்லை என்னும், இப்படி மாறி மாறி, உண்மையான முடிவு வரும்வரை. பல டேப்புகளில் நீளும் பேக்கப், இது மூன்றாவது டேப், தொடர்ச்சி நான்காவதில் என்று ஒரு முடிவுரை எழுதிவைக்க இந்த இடம்தான் உதவுகிறது.

கம்பி அசைந்ததாலோ வேறு ஏதோ கோளாறினாலோ ஸ்கஸி பாதை ரீசெட் ஆனால் டிரைவ் டேப்பை ஆரம்பத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். கெர்னலின் கணக்கு இனி செல்லாது. அப்போது எஸ்டி டிரைவர் படிக்கவும் எழுதவும் மறுத்துவிடும். ரீவைண்ட் போல, இடம் நிச்சயமாகத் தெரியும் கட்டளைகள் சிலதை மட்டும் ஏற்கும். இந்தப் பிழையைச் சபிப்பவர்கள் உண்டு. இடம் தெரியாமல் எழுத ஆரம்பித்தால் முதல் பேக்கப்பின் தலையிலேயே எழுதிவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மறுப்பு எவ்வளவு பேரைக் காப்பாற்றியிருக்கும்!

வேகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் டிரைவ் மெதுவாக இருக்கிறது என்ற புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் சர்வர் மெதுவாக இருப்பது பற்றியவை. எல்டிஓ-5-ஐ எடுத்துக்கொள்வோம். டேப் நீளம் 846 மீட்டர், அரை அங்குல அகலத்தில் 1,280 தடங்கள். ஒரே நேரத்தில் 16 தடங்களை எழுதும். ஒரு கோடிக்குப் போய்த் திரும்பி அடுத்த சாலில் வரும் ஏர் போல, 80 முறை ஓடி முடித்தால்தான் 1.5 டெராபைட் நிரம்பும். விநாடிக்கு 140 மெகாபைட் என்ற கணக்கில் சுமார் மூன்று மணி நேரம். கணக்குப் போட்டால் டேப் விநாடிக்கு 6 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் தரவு தீர்ந்துபோனால்? டேப் சட்டென்று நிற்காது. தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்து, மறுபடி வேகம் பிடித்து, விட்ட இடத்தில் ஒட்டவேண்டும். இதற்கே சில விநாடி. இது ஓயாமல் நடந்தால் டேப்பும் தலையும் தேயும், வேகம் பாதாளத்துக்குப் போகும். இன்றைய டிரைவ்கள் வருகிற வேகத்துக்கு ஏற்பத் தாங்களும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு.

ஆகவே கோடிக்கணக்கான சின்னக் கோப்புகளை நேரடியாக டேப்புக்கு ஊற்றாதீர்கள். நடுவில் எம்பஃபர் போன்ற ஒரு நிரலை வையுங்கள். அது ரேமில் சில ஜிகாபைட் சேர்த்து வைத்துக்கொண்டு, தொட்டி நிரம்பிய பிறகே டேப்புக்குத் திறந்துவிடும்படி அமைக்கலாம். பிளாக் அளவையும் 256 கிலோபைட் அளவுக்கு உயர்த்துங்கள். எல்டிஓ டிரைவ் நம் பிளாக்குகளைச் சேர்த்துத் தன் வசதிக்கான பெரிய தொகுதிகளாக எழுதுவதால் பழைய இடைவெளிப் பிரச்சினை இல்லை. ஆனால் சின்னப் பிளாக் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை, ஒரு பதில், அந்தப் போக்குவரத்தே வேகத்தைக் கெடுக்கும்.

மற்ற இயங்குதளங்களிலும் இந்தக் கதை கிட்டத்தட்ட இதேதான். ஃப்ரீபிஎஸ்டியில் எஸ்ஏ0, என்எஸ்ஏ0 என்று பெயர், கூடவே மூடியதும் டேப்பை வெளியே தள்ளும் இஎஸ்ஏ0. சோலாரிஸில் ஆர்எம்டி கோப்புறைக்குள் எண்ணோடு என் எழுத்து சேர்ந்தால் ரீவைண்ட் இல்லை. விண்டோஸில் டேப்0 என்ற பெயரும், நகர்த்தவும் குறி எழுதவும் தனி அழைப்புகளும் உண்டு.

2010-இல் ஐபிஎம் கொண்டுவந்த எல்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, டேப்பை ஒரு டிஸ்க் போலக் காட்டுகிறது. எல்டிஓ-5 முதல் டேப்பை இரண்டு பகுதிகளாகப் பிரிக்க முடிந்ததால் வந்த வசதி. சின்னப் பகுதியில் எக்ஸ்எம்எல் அட்டவணை, பெரிய பகுதியில் கோப்புகள். படத்தொகுப்பாளர்கள் போல, பெரிய கோப்புகளை அடுத்தவருக்குக் கைமாற்றவேண்டியவர்களுக்கு அருமையானது, ஏனென்றால் அட்டவணை டேப்போடேயே போகிறது. ஆனால் இழுத்துப் போடும் சாளரத்தில் தெரிகிறதே என்று டிஸ்க் போல நடத்தாதீர்கள். கோப்பை அழித்தால் அட்டவணையிலிருந்துதான் போகும், இடம் திரும்பக் கிடைக்காது. பத்துக் கோப்பைப் பத்துத் திசையில் கேட்டால் டேப் அங்கும் இங்கும் ஓடும், ஒவ்வொரு ஓட்டமும் ஒரு நிமிடம்கூட ஆகலாம்.

உங்கள் பொறுப்பில் டேப்புகள் இருந்தால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜின் லேபிளிலும், அல்லது அதோடு போகும் சீட்டிலும், எழுதிய நிரலின் பெயர், பிளாக் அளவு, எத்தனை கோப்பு, சுருக்கமோ மறைகுறியோ உண்டா, மறைகுறிச் சாவி எங்கே என்று எழுதிவையுங்கள். கெர்னல் இதில் எதையும் நினைவில் வைத்திருக்காது. எழுதிய டிரைவில் இல்லாமல் வேறொரு டிரைவில் போட்டு, ஒரு தொகுப்பை முழுக்கத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எல்டிஓ-5 டேப்புகள் அலமாரியில் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அவற்றைப் படிக்கும் கடைசித் தலைமுறை டிரைவ் எல்டிஓ-7. எல்டிஓ-8 தனக்கு முந்தைய ஒரு தலைமுறையை மட்டுமே படிக்கும். வேலை செய்யும் பழைய டிரைவ் ஒன்று கையில் இருக்கும்போதே புதிய டேப்புக்கு மாற்றிவிடுங்கள்.